சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது: மழலையர் வகுப்பில் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கு இடம் செய்ய ஒரு முழு வழிகாட்டி

சென்னையில் தெருவுக்கு ஒரு ‘மாண்டிசோரி’ பலகை தொங்குகிறது. உள்ளே மர உருளைகள், இளஞ்சிவப்புக் கட்டைகள், மணிச்சரங்கள் எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். 1939ல் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த ஊர் இது என்று சிலர் பெருமையாகவும் சொல்வார்கள். அந்த முறை முதலில் யாரிடமிருந்து பிறந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 1900 வாக்கில் ரோம் நகரில், ‘மந்த புத்தி’ என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்தபோதுதான் அவர் அதற்கு அடித்தளம் போட்டார். மற்றக் குழந்தைகளுக்கான அவருடைய முதல் பள்ளி 1907ல்தான் திறந்தது. இன்று அதே பெயரைத் தாங்கிய ஒரு பள்ளிக்குப் போன் செய்தால் முதல் கேள்வி: “குழந்தை நார்மல்தானே மேடம்? ஸ்பெஷல் சைல்டுன்னா எங்ககிட்ட ஃபெசிலிட்டி இல்லீங்க.”

ஃபெசிலிட்டி என்றால் லிஃப்ட், தெரபி அறை, ஏழெட்டு நிபுணர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிறப்புக் கல்வி ஆசிரியையாகப் பல மழலையர் பள்ளிகளுக்குள் போய்வந்ததில் எனக்குத் தெரிந்தது வேறு. மூன்று வயதிலிருந்து ஐந்தரை வயது வரை தேவைப்படுவதில் பெரும்பகுதி, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரையிலான நேரத்தை மாற்றி அடுக்குவதுதான். அதைச் செய்யாமல் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டால், வகுப்பின் கடைசி மூலையில் ஒரு ஆளோடு தனியாக ஒரு பள்ளி நடக்கும். அதற்குப் பெயர் ஒருங்கிணைப்பு இல்லை.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடத்துகிறவர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். பெற்றோர் படித்தால், பள்ளியில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

படி 1: சேர்க்கைப் படிவத்தை மாற்றுங்கள்

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகை மாற்றுத்திறன்கள் அதில் உண்டு. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையங்கள் பாகுபாடு பார்க்காமல் சேர்க்க வேண்டும், கட்டடத்தைப் பயன்படுத்தும்படி வைக்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்பது 16ஆம் பிரிவின் சாரம். கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மையல்லாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடங்களில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தை ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில்’ வருகிறது. தமிழ்நாட்டில் 2 லட்சம் ரூபாய் வருமான வரம்பு நலிவடைந்த பிரிவுக்குத்தான். இந்தப் பிரிவுக்கு அது கிடையாது. பல பெற்றோர் இது தெரியாமலே விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி படிவம். “ஏதேனும் குறைபாடு உண்டா?” என்று ஒரு வரி அச்சடித்திருப்பீர்கள். அம்மா ‘இல்லை’ என்றுதான் எழுதுவார். உண்மையை எழுதி நான்கு பள்ளிகளில் சீட் போனவராக இருப்பார். அந்த வரியை எடுத்துவிட்டு, சேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக, ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். மூத்திரம் வந்தால் எப்படித் தெரிவிப்பான்? எந்தச் சத்தம் பிடிக்காது: மிக்ஸியா, குக்கர் விசிலா, மேளமா? என்ன சாப்பிட்டால் புரையேறும்? எந்த மொழியில் கொஞ்சுவீர்கள்? பயந்தால் எங்கே போய் ஒளிவான்? அழுதால் எது ஆற்றும்?

ஒரு அம்மா கடைசிக் கேள்விக்கு “குக்கர் மூடியைத் தரையில் சுற்றி விட்டால் அழுகை நின்றுவிடும்” என்று எழுதியிருந்தார். முதல் நாளே எங்கள் பொம்மைக் கூடையில் ஒரு பழைய குக்கர் மூடி போய் உட்கார்ந்தது. அன்று அவன் அழுதது இருபது நிமிடம். பக்கத்தில் இருந்த இன்னொரு பையன் மதியம் வரை அழுதான். அவனுக்கு எந்தச் சிறப்புத் தேவையும் இல்லை.

படி 2: கவனியுங்கள், எழுதி வையுங்கள், நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள்

சேர்க்கும்போது யாருக்கும் தெரியாமல், வகுப்புக்கு வந்தபின் தெரியவருவதே அதிகம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. நுனிக்காலில் நடக்கிறாள். வேண்டியதை விரலால் சுட்டாமல் உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போகிறான். கேட்ட சொல்லையே திருப்பிச் சொல்கிறாள். டிவி பக்கத்தில் போய் மூக்கை ஒட்டி நிற்கிறான். இரண்டு வாரம் ஒரு நோட்டில் தேதி, நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள். “அடம் பிடிக்கிறான்” என்பது குறிப்பாகாது. “11 மணி, மணி அடித்தது, காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போனான், மணி நின்றதும் வந்தான்” என்று எழுதினால் படிக்கிற மருத்துவருக்கும் உதவும், உங்களுக்கும் விடை தெரியும்.

பெற்றோரிடம் சொல்லும் விதம் முக்கியம். கேட்டில் நின்று, மற்ற அம்மாக்கள் காதில் விழும்படி சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள். ‘ஆட்டிசம்’ என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து முதலில் கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அப்பாவும் வரும் நாளில் உட்காரவைத்து, முதலில் அவன் என்னென்ன செய்கிறான் என்று சொல்லிவிட்டு, நோட்டைக் காட்டி, “வீட்டில் எப்படி?” என்று கேளுங்கள்.

“அவங்க அப்பாவே அஞ்சு வயசுலதான் பேசினாரு”, “ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்”, “வசம்பு உரைச்சு நாக்குல தடவுங்க” என்று பாட்டிமார் சொல்வார்கள். பாட்டியோடு சண்டை வேண்டாம். பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொல்லுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள். சென்னைக்காரர்கள் ‘பெரா டெஸ்ட்’ என்று சொல்லும் அந்தச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காது கேளாமை உறுதியாகி, அறுவை சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்த வேண்டியிருந்தால், 6 வயதுக்குள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செய்துகொள்ள முடியும். ஆனால் 6 வயது கடைசித் தேதி. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் வேகம் அதற்கு வெகு முன்பே குறையத் தொடங்கிவிடும்.

எங்கே அனுப்புவது? எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை எல்லோருக்கும் தெரிந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தில் 2021லிருந்து ஆரம்பநிலைத் தலையீட்டு மையம் இயங்குகிறது. ஒரே இடத்தில் பல நிபுணர்களையும் பார்த்துவிடலாம். தி.நகரில் மதுரம் நாராயணன் மையம் 1989லிருந்து 6 வயதுக்குட்பட்ட, அறிவுத்திறன் வளர்ச்சியில் தாமதமுள்ள குழந்தைகளுக்காக இருக்கிறது. காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கு அடையாறு பால வித்யாலயா. பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி) என்றால் கோட்டூர்புரம் வித்யாசாகர், 1985ல் தொடங்கியது. அங்கன்வாடியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் ராஷ்ட்ரீய பால ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதனைக்கு வரும். அந்த நாளில் பிள்ளை வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ‘அன்னிக்கு லீவு’ என்பதற்காக அரை வருடம் போன பிள்ளைகள் உண்டு.

சான்றிதழ் வரட்டும் என்று பள்ளி காத்திருக்கக் கூடாது. யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உதவித்தொகைக்கும் சலுகைக்கும் வேண்டும். ஒரு பாயை மின்விசிறிச் சத்தத்திலிருந்து நகர்த்திப் போட எந்த அட்டையும் வேண்டாம்.

படி 3: அறையை உங்கள் காதால் பாருங்கள்

நம் மழலையர் பள்ளிகளில் பாதி, யாரோ கட்டிய தனி வீட்டின் கீழ்த்தளமும் மாடியும். டைல்ஸ் தரை, மொட்டைச் சுவர், மேலே இரண்டு மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே தண்ணி லாரி. இருபது பிள்ளைகள் பேசினால் சத்தம் எகிறி எகிறித் திரும்பும். காது கருவி போட்ட பிள்ளைக்கு இது நரகம். கருவி எல்லாச் சத்தத்தையும்தான் பெரிதாக்குகிறது. சுவரில் கெட்டித் துணித் திரைகள், தரையில் கோரைப்பாய், நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி. ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அறை மாறிவிடும். கருவி போட்ட பிள்ளை விசிறிக்கும் ஜன்னலுக்கும் எட்ட, உங்கள் முகத்தைப் பார்த்தபடி உட்கார வேண்டும். நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் உதடு இருட்டில் போய்விடும். மே, ஜூன் வியர்வையில் கருவி நனையும். வீட்டில் இரவு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை சேர்ந்தால் அந்த வகுப்பு கீழ்த்தளத்துக்கு வரட்டும். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது இரண்டு வருடத்தில் யாருடைய முதுகையாவது முறிக்கும். சாய்தளத்துக்குக் கணக்கு 1:12. வாசலில் அரை அடிப் படி இரண்டு இருந்தால் உயரம் ஓர் அடி, சாய்தளம் 12 அடி நீளம் வேண்டும். மூன்றடிப் பலகையைச் சாய்த்துவைத்து ‘ராம்ப் இருக்கு’ என்பார்கள். அதில் பெரியவர்களே வழுக்குவார்கள்.

உட்காரும்போது எந்தப் பிள்ளைக்கும் பாதம் தரையில் படவேண்டும். எட்டவில்லை என்றால் காலடியில் பழைய டெலிபோன் புத்தகங்களை அட்டையோடு கட்டி வையுங்கள். கால் ஊன்றினால் முதுகு நிற்கும், முதுகு நின்றால்தான் கை வேலை செய்யும். ‘எழுத மாட்டேங்கறான்’ என்று எனக்குக் காட்டிய பிள்ளைகளில் பலர் கால் தொங்கிக்கொண்டிருந்தவர்கள்.

ஒரு மூலையில் பழைய சேலையால் சின்னக் கூடாரம் போடுங்கள். சத்தம் தாங்காதவர்கள் போய் இருந்துவிட்டு வரட்டும். ஒன்றே ஒன்று: அது தண்டனை இடமாக ஒரு நாளும் ஆகக்கூடாது. “போ, டென்ட்ல போய் உக்காரு” என்று ஒருமுறை சொல்லிவிட்டால் கூடாரத்தைக் கழற்றிவிடலாம். அதற்குப் பிறகு பயனில்லை.

படி 4: நாளை அடுக்குங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் பட அட்டவணை. இணையத்திலிருந்து இறக்கிய கார்ட்டூன் படங்கள் வேண்டாம். உங்கள் செருப்பு ஸ்டாண்ட், உங்கள் பாய், உங்கள் கைகழுவும் குழாய், உங்கள் கேட். போனில் படம் எடுத்துப் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து, பிள்ளைகள் கண் உயரத்தில் இடமிருந்து வலமாக ஒட்டுங்கள். ஒன்று முடிந்ததும் ஒரு பிள்ளை போய் அந்தப் படத்தைக் கழற்றி ‘முடிஞ்சது’ டப்பாவில் போடட்டும். இது ஆட்டிசம் உள்ள பிள்ளைக்காக வைப்பது. ஆனால் இரண்டாம் வாரத்தில் மொத்த வகுப்பும் அதைப் பார்த்துத்தான் நடக்கும், “மிஸ், அம்மா எப்ப வருவாங்க?” என்று நூறுமுறை கேட்கும் பிள்ளைக்கும் கேட் படத்தைக் காட்டினால் போதும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தில்தான் அழுகை, ஓட்டம், கடி எல்லாம் வரும். மின்மணியை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு வரி ராகம் ஒன்றை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். மாற்றத்துக்கு இரண்டு நிமிடம் முன்பு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் அடுத்த படத்தைக் கையில் கொடுங்கள். ‘முதலில் கைகழுவு, பிறகு ஊஞ்சல்’ என்று இரண்டு படம் மட்டும் உள்ள அட்டை பெரும்பாலான அடத்துக்குப் போதுமானது. சொன்ன ஊஞ்சலைக் கொடுத்தே ஆகவேண்டும், மழை பெய்தாலும். முடியாத நாளில் அந்தப் படத்தை வைக்காதீர்கள்.

எல்லோரும் வட்டமாக உட்காரும் வட்ட நேரம் பல பள்ளிகளில் அரை மணி ஓடுகிறது. பிரார்த்தனை, கிழமை, தேதி, வானிலை, ஏ ஃபார் ஆப்பிள். மூன்றரை வயதுக்கு எட்டு நிமிடம் அதிகம். அதிலும் உடம்பு அசைய வேண்டும். நம் பாட்டிகள் மடியில் வைத்து ஆடிய விளையாட்டுகளைக் கொண்டுவாருங்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, எல்லோருக்கும் பங்கு கொடுத்து, கடைசியில் நண்டு ஊருகிறது என்று விரலால் அக்குள் வரை போவோமே, அதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள்: தொடுதல், முறை வருதல், அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு, கண்ணைப் பார்த்துச் சிரிப்பது. தெரபி அறையில் ஒரு மணிக்கு எண்ணூறு ரூபாய் கொடுத்துச் செய்யும் வேலையில் கொஞ்சம் இதற்குள் இருக்கிறது. மேல்கை தொட்டால் பிடிக்காத பிள்ளைக்கு நண்டு மணிக்கட்டோடு நிற்கட்டும்.

பல்லாங்குழியும் அப்படித்தான். புளியங்கொட்டையை இரண்டு விரலால் எடுத்துக் குழிக்கு ஒன்றாகப் போடுவது, பென்சில் பிடிப்பதற்கும் எண்ணுவதற்கும் முந்தைய வேலை. பார்வை குறைந்த பிள்ளையும் தடவிப் பார்த்து ஆடலாம். எதையும் வாயில் போடும் பிள்ளை இருந்தால் கொட்டைக்குப் பதில் பெரிய மர மணிகள். கோலப்பொடியில் விரலால் கோடு இழுப்பது, ஈர மணலில் கை புதைப்பது எல்லாம் எழுதுவதற்கு முன் வரவேண்டியவை. பிசுபிசுப்பைத் தொட மறுக்கும் பிள்ளைக்கு ஒரு கரண்டியைக் கொடுங்கள். விரல் தானாக இறங்க மாதங்கள் ஆகலாம்.

நாளின் மிகச் செழிப்பான வகுப்பு, என்னைக் கேட்டால், ஸ்நாக்ஸ் நேரம். பதினைந்து நிமிடத்தில் டப்பாவை அவசரமாகத் திறந்து ஊட்டி முடித்துவிடுகிறார்கள். அதை அரை மணி ஆக்குங்கள். டப்பாவை நீங்கள் திறந்து தராதீர்கள். இறுக்கமாக இருக்கிறது, பிள்ளை உங்களைப் பார்க்கும், அல்லது டப்பாவை உங்கள் கையில் திணிக்கும். அதுதான் கேட்பது. அந்தப் பார்வைக்காகக் காத்திருந்து “திறக்கணுமா?” என்று சொல்லித் திறங்கள். இரண்டு முறுக்கைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை எல்லோருக்கும் தம்ளர் வைக்கட்டும். நடக்கத் தள்ளாடும் பிள்ளை அந்த வேலைக்குப் பொருத்தம், ஒவ்வொரு நாற்காலியையும் பிடித்துக்கொண்டே போகலாம். சிந்தினால் துடைக்கத் துணி பக்கத்தில் இருக்கட்டும். பேச்சுப் பயிற்சி, கைப்பயிற்சி, நடைப்பயிற்சி, எண்ணிக்கை எல்லாம் ஒரே மேசையில் நடந்துவிடுகின்றன. யாரையும் தனியாகக் கூட்டிப்போகவில்லை.

ஓர் எச்சரிக்கை. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குத் தலையை அண்ணாத்தி வைத்து ஊட்டக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். நிமிர்ந்து உட்காரவைத்து, மோவாய் சற்றுத் தாழ, சின்னக் கரண்டியில் கொடுங்கள். தண்ணீரில் புரையேறினால், எவ்வளவு கெட்டியாக்கிக் கொடுப்பது என்று தெரபிஸ்டிடம் கேட்கச் சொல்லுங்கள்.

படி 5: பேச்சுக்கு வழிவிடுங்கள்

“சொன்னாத்தான் தருவேன், ‘பால்’ சொல்லு” என்று தம்ளரைப் பின்னால் மறைக்கும் பழக்கம் எல்லா வகுப்பிலும் இருக்கிறது. வாய் வராத பிள்ளைக்கு அது தாகத்தை வைத்து நடத்தும் பரீட்சை. விரல், பார்வை, படம், சைகை எதில் கேட்டாலும் கொடுங்கள். கொடுக்கும்போது சொல்லை நீங்கள் சொல்லுங்கள். கேள்வி கேட்டபின் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம் இரண்டு எண்ணுவதற்குள் கேள்வியைத் திருப்பிக் கேட்டுவிடுகிறோம், பிள்ளை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

படத்தைக் காட்டிப் பேசப் பழகினால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. சென்னையிலேயே உருவான ‘ஆவாஸ்’ செயலியில் தமிழும் உண்டு. டேப்லெட் இல்லாவிட்டால் லேமினேட் செய்த பன்னிரண்டு படங்களை வளையத்தில் கோத்து இடுப்பில் மாட்டிவிடுங்கள். அதில் ‘வேண்டாம்’, ‘போதும்’ இரண்டும் கட்டாயம் இருக்கட்டும். வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத பிள்ளைதான் கடிக்கும்.

மொழி பற்றி எனக்குக் கோபம் உண்டு. பிள்ளை பேசத் தாமதமானதும் “வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க, ரெண்டு மொழி குழப்பும்” என்று அறிவுரை சொல்கிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைக்குப் பேச்சு மேலும் தாமதமாவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. தாத்தாவுக்கு வராத மொழியில் வீட்டைப் பேசவைத்தால், பிள்ளையோடு பேசும் ஆட்களின் எண்ணிக்கைதான் குறையும். வகுப்பில் ‘வாட்டர்’ என்று சொல்லிக்கொடுக்கும் படத்தின் கீழ் ‘தண்ணி’யும் இருக்கட்டும்.

படி 6: மற்றப் பிள்ளைகள், மற்றப் பெற்றோர்

“மிஸ், அவன் ஏன் பேச மாட்டேங்கறான்?” என்று யாராவது கேட்டால் “உஷ்” என்று அடக்காதீர்கள். “அவனுக்குப் பேச இன்னும் நாளாகும். படம் காட்டிச் சொல்லுவான், பாரு” என்றால் நான்கு வயதுக்கு அது போதும். அடுத்த நிமிடம் மண்ணில் விளையாடப் போய்விடுவார்கள். ‘பாவம்’ என்ற சொல்லை மட்டும் வகுப்பில் தடைசெய்யுங்கள், ஆசிரியர்களிடமிருந்து தொடங்கி. துணைக்கு ஒரு பிள்ளையை நியமிப்பதாக இருந்தால் தினமும் மாற்றுங்கள். எப்போதும் அதே பொறுப்பான பெண் குழந்தையை ‘குட்டி அம்மா’ ஆக்கிவிடுவது அவளுக்கும் நல்லதில்லை.

கடி விழுந்த நாளில் இரண்டு வீட்டுக்கும் நீங்களே போன் செய்யுங்கள். கடித்தது யார் என்று மற்ற வீட்டுக்குச் சொல்ல வேண்டாம். கல்வியாண்டுத் தொடக்கக் கூட்டத்திலேயே, இந்தப் பள்ளியில் எல்லா வகைப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்று சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் அது ஒரு குடும்பத்தைப் பற்றிய அறிவிப்பாகிவிடும்.

ஆண்டு விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளுயர ஸ்பீக்கர், கண்கூசும் விளக்கு, உறுத்தும் ஜிகினா உடை. காது பொத்தும் பிள்ளையை அன்று “லீவு எடுத்துக்கட்டும்” என்கிறார்கள். ஸ்பீக்கரைக் குறையுங்கள். எந்தப் பெற்றோரும் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

படி 7: யார் செய்வது

முதலில் ஆயாம்மாவுக்குப் பயிற்சி கொடுங்கள். கழிவறைக்குக் கூட்டிப்போகிறவர், வாந்தியைத் துடைக்கிறவர், ஓடும் பிள்ளையைப் பிடிக்கிறவர் அவர். பயிற்சி நாளன்று அவரை டீ போட அனுப்பிவிட்டு ஆசிரியர்கள் மட்டும் உட்கார்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒரு பிள்ளைக்கென்றே கூடவே இருக்கும் ‘ஷேடோ டீச்சர்’ வைத்தால்தான் சேர்ப்போம், சம்பளம் பெற்றோர் தரவேண்டும் என்று சொல்வது சேர்க்கையை விலைக்கு விற்பது. சில பிள்ளைகளுக்குச் சில மாதம் கூடுதல் ஆள் தேவைதான். அவர் பள்ளியின் ஆளாக, முழு வகுப்புக்கும் உதவுகிறவராக இருக்கட்டும். பிள்ளையோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மற்றப் பிள்ளைகள் அருகில் வரமாட்டார்கள். என்றைக்கு எட்டிப்போவார் என்பதை முதல் நாளே எழுதிவையுங்கள்.

முழுநேரச் சிறப்பாசிரியர் வைக்கச் சின்னப் பள்ளிக்குக் கட்டாது. அக்கம்பக்கம் நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம், பள்ளிக்கு வாரம் ஒரு நாள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அவர் வரும் நாளில் பிள்ளையைத் தனியறைக்குக் கூட்டிப்போகாமல் வகுப்புக்குள் வேலை செய்து, கடைசி அரை மணி ஆசிரியரோடு பேச வேண்டும். மெரினா எதிரே, லேடி வெலிங்டன் கல்லூரி வளாகத்தில் ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ இருக்கிறது. உதவிக் கருவிகளைத் தொட்டு, பயன்படுத்திப் பார்க்கலாம். ஒரு சனிக்கிழமை எல்லா ஊழியர்களையும் கூட்டிப்போங்கள், ஆயாம்மா உட்பட.

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு: 2023 நவம்பரில் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை வெளியிட்டது. கண்டறிதல், சேர்த்து நடத்துதல், மேல் சிகிச்சைக்கு அனுப்புதல் எல்லாம் உங்கள் வேலைக்குள் வருகிறது என்று அது சொல்கிறது. மேற்பார்வையாளரிடம் பயிற்சி கேட்க அதுவே போதுமான ஆதாரம்.

படி 8: மூன்று இலக்கு, ஒரு தாள்

தனிநபர் கல்வித் திட்டம் என்று பதினான்கு பக்கம் எழுதுகிறார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று மாதத்துக்கு மூன்று இலக்கு, ஒரு தாள். ‘கவனம் மேம்பட வேண்டும்’ என்பது இலக்காகாது. ‘வட்ட நேரத்தில் தன் பாயில் 5 நிமிடம் இருப்பாள், வாரத்தில் 4 நாள்’ என்றால் எவரும் பார்த்துச் சொல்லிவிடலாம். மூன்றில் ஒன்றைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கட்டும். பெரும்பாலும் அவர்கள் கேட்பது டயப்பர் இல்லாமல் இருப்பது. நாம் நிறங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்போம்.

தாளைச் சுவரிலுள்ள தினசரிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, நடந்த நாளில் ஒரு டிக். மாதக் கடைசியில் டிக் குறைவாக இருந்தால் பிள்ளை தோற்றதாக எழுதாதீர்கள்; இலக்கைப் பாதியாக்குங்கள்.

படி 9: வலிப்பு வந்தால்

கையில் சாவியோ இரும்போ கொடுக்காதீர்கள். வாயில் கரண்டி திணிக்காதீர்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் துணி வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108. இதை எழுதி எல்லா அறையிலும் ஒட்டுங்கள்.

படி 10: ஒன்றாம் வகுப்புக்கு நவம்பரிலேயே தொடங்குங்கள்

யு.கே.ஜி. முடிகிற மார்ச்சில் அலைந்தால் தாமதம். நவம்பரில் பெற்றோரோடு உட்காருங்கள். யு.டி.ஐ.டி. அட்டை வாங்காதவர்கள் இப்போதாவது விண்ணப்பிக்கட்டும். 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வரை, அருகமைப் பள்ளியிலோ தாங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ, இலவசக் கல்வி உரிமை. அறிவுத்திறன் குறைபாடு, கடும் பாதிப்பு போன்ற பிரிவுகளுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2000 ரூபாய். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் வரை. தெரபிச் செலவும் அதில் அடங்கும். அரசு, மாநகராட்சிப் பள்ளி என்றால் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர் யார் என்று வட்டார வள மையத்தில் கேட்டு வையுங்கள்.

ஜனவரியில் இரண்டு மூன்று முறை புதிய பள்ளியைக் காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள். வகுப்பு நடக்காத ஒரு சனிக்கிழமை போய், புதிய கேட், புதிய கழிவறை, புதிய படிக்கட்டு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஒரு சின்னப் புத்தகமாகத் தைத்துக் கொடுங்கள். கோடை விடுமுறை முழுக்கப் பிள்ளை அதைப் புரட்டட்டும்.

பிறகு நீங்கள் ஒரு பக்கம் எழுத வேண்டும். சேரும்போது அம்மா எழுதித் தந்தாரே, அதே கேள்விகளுக்கு இப்போது உங்கள் பதில்: எப்படிக் கேட்பாள், எது பயம், எது ஆற்றும், எதில் சிரிப்பாள். அறிக்கை நடையில் வேண்டாம். அதைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய் புதிய வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். கிளம்புமுன் அந்தப் பள்ளி ஆயாம்மா யார் என்று விசாரித்து, அவருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.